நியூட்ரலில் விட்ட படகு

வீட்டுப் பத்திரம் என் பேரில் இருந்தது. அதனால்தான் இவ்வளவு பேச்சும் வந்தது. அவர் பேரில் இருந்திருந்தால் ஒரு நாள் காலையில் காப்பி குடித்த கையோடு போய் விற்றுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து எனக்குச் செய்தி சொல்லியிருப்பார்.

குன்னூரில் பள்ளத்தாக்கைப் பார்த்த சரிவில் என் அப்பா கட்டிய வீடு அது. பின்னால் சின்னதாக ஒரு தேயிலைத் துண்டு. இதை விற்று ஒரு மோட்டார் படகு வாங்கி, மிச்ச ஆயுளை அதிலேயே குடியிருந்து கழிப்பது என் வீட்டுக்காரரின் திட்டம். மீன் பிடிக்கிற படகு இல்லை, யாட். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும். ஒரு தடவை டேங்கை நிரப்பினால் கரையைத் தொடாமல் நாள்கணக்கில் போகும். ஆறாயிரம் அடி உயரத்தில் பிறந்து வளர்ந்த, நீச்சல் தெரியாத இரண்டு பேருக்குத்தான் இந்தத் திட்டம். கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கையெழுத்துப் போட வேண்டியவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் தேயிலைத் தொழிற்சாலையில் ஹெட் பிட்டராக இருந்தவர். டீசல் இன்ஜின், ரோலர், டிரையர் என்று முப்பத்தைந்து வருடம் அவற்றின் சத்தத்திலேயே வாழ்ந்தவர். எந்த பேரிங் தேய்கிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். வேலையிலிருந்து நின்ற அன்று என்னிடம் ஒன்று சொன்னார்: "இத்தன இன்ஜினப் பாத்தேன் புள்ள. எல்லாம் நின்ன எடத்துலயே நின்னு ஓடுச்சு. எங்கியாச்சும் போற இன்ஜின் ஒண்ணு வேணும்." அன்றைக்கு அது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்ததை வெளியில் காட்டிக்கொண்டதுதான் நான் செய்த தவறு. அடுத்த வாரமே வீடு முழுக்கப் படகுப் படங்கள் வந்துவிட்டன. வீட்டை விற்க மாட்டேன் என்று நான் அன்றைக்கு ஆரம்பித்தேன் சண்டையை.

நான் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், வந்தால் சீக்கிரம் போகாது. இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

கேரளக் கரையில் ஒரு படகுத் துறையில் இரண்டு படகுகள் விலைக்கு நின்றன. ஒன்று ஐம்பது அடி நீளம், இரண்டு அடுக்கு, இரண்டு இன்ஜின். இன்னொன்று முப்பத்தாறு அடி, ஒரே இன்ஜின். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் பெரியதுதான் என்று நான் நின்றேன். கடலில் போய்க் குடியிருக்க வேண்டும் என்றால் காலை நீட்டுகிற அளவாவது இடம் வேண்டாமா? பெரியது என்றால் பத்திரம் என்ற நினைப்பும் இருந்தது.

அவர் சின்னதுதான் என்றார். "பெருசு வேகமாப் போகும், டீசலக் குடிச்சுட்டே போகும். சின்னது ஆமை மாதிரி போகும், ஆனா அந்தமான் வரைக்கும் போகும். நமக்கென்ன ஆபீஸுக்கா நேரமாச்சு? அதுவுமில்லாம, பெருசக் கரையில கட்டறதுக்கு நாலு கை வேணும்."

"நம்மகிட்ட நாலு கை இருக்குதுங்களே."

"உன்ற கை ரெண்டும் அதுல என்னத்துக்கு ஆகும்?"

வேண்டுமென்றே சொல்லவில்லை. ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. அன்று ராத்திரி ரசம் மட்டும்தான் வைத்தேன்.

பேசித் தீராது என்று தெரிந்ததும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடிக் கிடந்தது. அதன் மாடியில், பறித்து வந்த இலையை வாட்டுவதற்கென்று ஒரு நீளமான பலகைத் தளம் உண்டு. லாஃப்ட் என்பார்கள். காவலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு போய், என் சாக்பீஸ் பெட்டியைக் காலி செய்து, இரண்டு படகுகளையும் முழு அளவில் தரையில் வரைந்தார். அடுப்பு எங்கே, கட்டில் எங்கே, ஸ்டீயரிங் எங்கே என்று எல்லாம் அடி அங்குலம் பிசகாமல் இருந்தது. பிறகு வீட்டிலிருந்து மெத்தையும் மண்ணெண்ணெய் அடுப்பும் கொண்டுவந்தோம். பெரியதில் ஒரு நாள், சின்னதில் இரண்டு நாள் குடியிருந்து பார்ப்பது என்று ஏற்பாடு. ஐப்பசி மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. மலை இறங்கும் வழியில் பர்லியார்ப் பக்கம் மண் சரிந்து ரோடு அடைபட்டிருந்ததால் கடலைப் போய்ப் பார்க்கவும் வழி இல்லை.

பெரியதில் நான் தோற்றேன். தோசையைச் சுட்டு வைத்துவிட்டுக் கூப்பிட்டால் அவருக்குக் கேட்கவில்லை. ஸ்டீயரிங் மேல் அடுக்கில் இருப்பதாகக் கணக்கு. அதனால் அவர் தளத்தின் அடுத்த கோடியில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் ஏணி இருக்கிறது, ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள் என்றார். மூன்று தோசை ஆறியது. சின்னதில் அடுப்பிலிருந்து ஸ்டீயரிங்குக்கு இரண்டே எட்டு. அவர் முகம் எனக்கு எந்நேரமும் தெரிந்தது. சண்டை போடுவதானாலும் முகத்தைப் பார்த்துச் சண்டை போடலாம். எனக்கு அது போதும் என்று தோன்றியது.

அந்தச் சண்டையும் மறுநாளே வந்தது. எதற்கென்று இப்போது ஞாபகம் இல்லை. வீட்டில் எனக்குக் கோபம் வந்தால் பின்பக்கம் போய்த் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்று, ஆத்திரம் தீரும்வரை கொழுந்து கிள்ளுவேன். சாக்பீஸ் கோட்டுக்குள் நான் எங்கே போவேன்? கேட்டேன். "முன்னால வெளித்தளம் இருக்குதே, அங்க போயி உக்காந்துக்கோ" என்றார். நடந்து பார்த்தேன். ஒன்பது எட்டு வைத்ததும் கோடு வந்துவிட்டது. என் கோபத்துக்கு ஒன்பது எட்டு எந்த மூலைக்கு? கோட்டைத் தாண்டி, படி இறங்கி, குடைகூட எடுக்காமல் மழையில் வீட்டுக்கு நடந்தேன். "தண்ணியில உழுந்துட்டே!" என்று பின்னாலிருந்து கத்தினார். விளையாட்டுக்குத்தான் கத்தினார். ஆனால் நிஜமான படகில் நான் அப்படித்தான் நடந்து போயிருப்பேன் என்று தெரிந்துவிட்டது.

இருந்தும் சின்னதற்கே சம்மதித்தேன். தை மாதம் ரோடு சரியானதும், வீட்டை வாங்க வந்தவர் கெடு வைத்தார். சமவெளிக்காரர், நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு இன்னொரு வீடும் காட்டியிருந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை காலை ஒப்பந்தப் பத்திரத்தோடு வருவார், உண்டு இல்லை என்று சொல்லிவிட வேண்டும். படகுக்காரரும் அதே வெள்ளிக்கிழமையைச் சொன்னார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். ஒரு தடவையாவது அதில் ஏறிக் கடலுக்குள் போய்த் திரும்ப வேண்டும். அதற்கு அப்புறம்தான் கையெழுத்து. திங்கட்கிழமை விடிகாலையில் கிளம்பினோம்.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மலையில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் இறக்கத்தில் கியரை எடுத்துவிடுவார்கள். வண்டி தன் பாரத்திலேயே உருளும், எண்ணெய் மிச்சம். கியரிலேயே இறங்கு என்று வளைவுக்கு வளைவு போர்டு இருக்கிறது. அவர் அதை ஒரு நாளும் படித்ததில்லை. ஊர் எல்லை தாண்டினதும் ஜீப்பை நியூட்ரலில் தட்டி, பிரேக்கை மட்டும் தொட்டுத் தொட்டு, மேட்டுப்பாளையம் வரை கொண்டுபோய்விடுவார். "வண்டி சும்மாவே போகுது, இன்ஜினுக்கு எதுக்கு வேலை?" என்பார். முப்பது வருடமாக நான் பக்கத்து இருக்கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்கு ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாள் கற்றுக்கொடுத்தார். ஒரு கத்தல் கத்தினார். இறங்கி வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன். அத்தோடு சரி.

அன்றைக்கும் நியூட்ரலில்தான் இறங்கினோம். நான் வழக்கம்போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

படகு படத்தில் இருந்ததைவிட அழகாக இருந்தது. வெள்ளை உடம்பு, உள்ளே தேன் நிறத்தில் மரவேலை. அதை ஓட்டிக்காட்ட ஒரு மலையாளி வந்திருந்தார். படகு ஓட்டுகிறவரை அங்கே ஸ்ராங்கு என்கிறார்கள். துறைமுக வாயைத் தாண்டும்வரை அவர் ஓட்டினார். வாயின் இரண்டு பக்கமும் கருங்கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீளமாக அலைத்தடுப்பு போட்டிருந்தார்கள். அது முடிந்ததும் ஸ்டீயரிங்கை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்.

நான் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. காலுக்குக் கீழே இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தார். "ஜீப்புக்கு நாலு சக்கரமும் ரோட்டுல இருக்குது. இதுக்குப் புடிமானமே கெடையாது. பின்னால காத்தாடி சுத்தித் தண்ணியத் தள்ளுனாத்தான் சுக்கான் திரும்பும். அது நின்னுபோச்சுன்னா ஸ்டீயரிங்கு சும்மா பொம்மை." இதை அவர்தான் சொன்னார். அவர் வாயால்தான் சொன்னார். அதனால்தான் பிறகு நடந்ததை என்னால் இன்றுவரை ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

திரும்பும்போது மத்தியானம் மூன்று மணி இருக்கும். எனக்கு வயிறு கொஞ்சம் அடங்கியிருந்தது. அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். துறைமுக வாயை நெருங்கியதும் ஸ்ராங்கு கயிற்றை எடுத்து வைக்க முன்தளத்துக்குப் போனார். "நேரே பிடிச்சா மதி" என்றார். நேராகப் பிடித்தால் போதும் என்று அர்த்தம். பின்னாலிருந்து வந்த அலை ஒன்று படகைத் தூக்கியது. மூக்கு கீழே சாய்ந்தது. படகு வேகம் பிடித்துத் தானாகச் சறுக்க ஆரம்பித்தது. மேட்டுப்பாளையம் ரோட்டில் ஜீப் இறங்குவது போலவே இருந்தது. அதை நான் நினைத்த அதே நொடியில் அவர் கை கியர் லீவருக்குப் போனது.

நியூட்ரலில் தட்டினார்.

இன்ஜின் சத்தம் மெலிந்தது. ஒரு மூச்சு நேரம் படகு சுகமாகப் போனது. அப்புறம் மூக்கு இடது பக்கமாகத் திரும்பியது. அவர் ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தார். படகு கேட்கவில்லை. இன்னும் ஒடித்தார், முழுதாக ஒடித்துவிட்டார். படகு குறுக்காகத் திரும்பி, கருங்கல்லைப் பார்த்துப் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. அடுத்த அலை வந்து தள்ளியது. அடுப்பிலிருந்து பாத்திரம் விழுந்து சுடுதண்ணீர் என் காலில் கொட்டியது. நான் அவரைப் பார்த்தேன். வலது காலால் தரையை மிதித்துக்கொண்டிருந்தார். ஓங்கி ஓங்கி மிதித்தார். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. பிரேக்கைத் தேடுகிறார்.

"கியர் இடு! கியர் இடு!" என்று முன்னாலிருந்து ஸ்ராங்கு கத்தினார். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்ததால் அவரால் வர முடியவில்லை. என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். கண் கல்லின் மேல் இருந்தது. காது அடைத்துவிட்டது போல நின்றார். "சேச்சி! முன்னோட்டுத் தள்ளு, சேச்சி!" என்று ஸ்ராங்கு என்னைப் பார்த்துக் கத்தினார்.

இரண்டு எட்டு. லீவரைப் பிடித்து முன்பக்கம் தள்ளினேன். எவ்வளவு தள்ள வேண்டும் என்று தெரியாது, போகிற வரைக்கும் தள்ளினேன். இன்ஜின் அலறியது. படகு உதறிக்கொண்டு வலது பக்கம் திரும்பியது. ஸ்டீயரிங் ஏற்கெனவே முழுதாக ஒடித்து இருந்ததல்லவா? கல்லுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஜீப் அகலம்தான் இருந்தது. கல்லில் ஒட்டியிருந்த பாசியைக்கூடப் பார்த்தேன்.

ஸ்ராங்கு ஓடிவந்து ஸ்டீயரிங்கை வாங்கிக்கொண்டார். கரையில் கட்டி முடித்து, பீடியைப் பற்றவைத்த பிறகுதான் எதற்காக என்று கேட்டார்: "எந்தினா சேட்டா நியூட்ரல் இட்டது?"

"எறக்கம்னு நெனச்சுட்டேன்" என்றார் இவர்.

ஸ்ராங்குக்கு விளங்கவில்லை. கடலில் ஏது இறக்கம் என்று என்னைப் பார்த்தார். எனக்கு விளங்கிற்று. நான் மட்டும்தான் அந்தத் துறைமுகத்தில் அதை விளங்கிக்கொள்ளக் கூடியவள். தலைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. அவர் கை மலையில் வளர்ந்த கை. அழ வேண்டும் போலவும் அறைய வேண்டும் போலவும் இருந்தது.

ராத்திரி வீடு வந்து சேர்ந்தோம். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவர் என் காலில் கொப்புளத்துக்கு மருந்து மட்டும் போட்டுவிட்டார். படகுப் படங்களையெல்லாம் அடுக்கிக் கட்டிப் பரண் மேல் போட்டார். வியாழக்கிழமை சாயங்காலம் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"வேண்டாம் புள்ள. ஊட்டுலயே இருந்துக்கலாம்."

இதைக் கேட்பதற்குத்தானே நான் ஆறு மாதம் சண்டை போட்டேன்? சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. அந்த இரண்டு நாளும் என் வலது கை சும்மா இருக்கவில்லை. பாத்திரம் துலக்கும்போதும், துணி உலர்த்தும்போதும் அந்த லீவர் முன்னால் போன போக்கைத் திரும்பத் திரும்ப உணர்ந்துகொண்டிருந்தது. அறுபத்தொரு வயதில் முதல்தடவையாக ஒன்று என் கையால் நகர்ந்தது. எனக்கு அந்தப் படகு வேண்டும். அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

"எனக்கு வேணுமுங்க" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "வெளையாடறயா? அன்னிக்கு ரெண்டு பேரும் போயிருப்போம்."

"போகலையே."

"எனக்குப் பயமா இருக்குது" என்றார்.

முப்பத்திரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. நல்ல பெண்டாட்டி என்றால் அந்த இடத்தில் கையைப் பிடித்திருப்பாள். நான் பிடிக்கவில்லை. "முப்பது வருசம் உங்க பக்கத்துல உக்காந்து நியூட்ரல்ல எறங்குனேனே, பயமா இருக்குதான்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?" என்றேன். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அவர் எழுந்து பின்பக்கம் போனார். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் இருட்டும்வரை நின்றார்.

வெள்ளிக்கிழமை வாங்குகிறவர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். பத்திரத்தை மேஜையில் விரித்தார். நான் டீ கொடுத்தேன். என் வீட்டுக்காரர் சன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஷேவ் பண்ணியிருந்தார், சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். ஏதோ நேர்காணலுக்கு வந்தவர் மாதிரி இருந்தார். பேனாவை எடுத்து அவரைப் பார்த்தேன். நான் கையெழுத்துப் போடாவிட்டால் அவருக்கு நிம்மதி. போட்டால் இந்த வயதில், பயந்துபோன ஒரு மனிதரைக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போகிறேன். இரண்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தே இருந்தது.

"என்னங்க?" என்றேன்.

வாங்குகிறவர் டீயை முழுதும் குடித்து முடித்துவிட்டார்.

"நீ ஓட்டுனா வர்றேன்."

அதை மனதாரச் சொன்னாரா, என் கோபத்துக்குப் பயந்து சொன்னாரா, இல்லை தனக்கு வேறு போக்கிடம் இல்லை என்று சொன்னாரா, நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் மாறிவிடுமோ என்று எனக்குப் பயம். குனிந்து, காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

அதே ஸ்ராங்கிடம் நான்கு மாதம் கற்றுக்கொண்டேன். அவர் கத்தாமல் கற்றுக்கொடுத்தார். இப்போது நாங்கள் குடியிருக்கிற இந்தப் படகில் இன்ஜின் அறை என் வீட்டுக்காரருடையது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். போனால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார். இன்ஜினைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறார், இதுவரை ஒரு நாளும் அது எங்களை ஏமாற்றியதில்லை. சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்ப்பார். ஸ்டீயரிங்கை மட்டும் அவர் அன்றிலிருந்து தொட்டதில்லை. நான் தொடச் சொன்னதும் இல்லை.